பன்னிரண்டு படுக்கைகளில் எத்தனை பேர்?

2020 ஏப்ரல், மே மாதங்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகள் பலவற்றில் இரவு நேரத் தொலைபேசிப் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. சிங்கப்பூரில் கட்டட வேலையிலோ ஷிப்யார்டிலோ இருக்கும் பிள்ளை, விடுதி அறைக்குள் அடைபட்டபடி பேசுவார். "எங்க ரூம்ல நாலஞ்சு பேருக்குக் காய்ச்சல்மா. ரெண்டு பேருக்குத்தான் டெஸ்ட் எடுத்தாங்க." வீட்டில் இருப்பவர்கள் செய்தியில் கேட்ட எண்ணை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கணக்கு ஒத்துப்போகாது. பிள்ளை சொல்வது சரியென்றால் அரசாங்கம் சொல்வது பொய்யா? இந்தக் கேள்வி ஊரில் மட்டும் எழவில்லை. சிங்கப்பூரிலும் பலர் கேட்டார்கள்.

அந்த ஆண்டு டிசம்பர் நடுவில் அரசாங்கமே சந்தேகத்துக்குப் புதுத் தீனி போட்டது.

ஒரே கூட்டம், இரண்டு எண்கள்

டிசம்பர் 13 வரையிலான நிலவரம் என்று சொல்லிச் சிங்கப்பூர் அதிகாரிகள் வெளியிட்ட கணக்கு இது. விடுதிகளில் தங்கியிருந்த வெளிநாட்டு ஊழியர்கள் சுமார் 3,23,000 பேர். அவர்களில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனையில் தொற்று உறுதியானவர்கள் 54,505 பேர். அதுவரை நாளுக்கு நாள் அறிவிக்கப்பட்டுக் கூடி வந்த எண் இதுதான். அந்த அறிவிப்பில் இன்னோர் எண்ணும் இருந்தது. குச்சிச் சோதனையில் சிக்காமல், ரத்தச் சோதனையில் மட்டும் 'இவருக்கு முன்பே தொற்று வந்துபோயிருக்கிறது' என்று தெரியவந்தவர்கள் 98,289 பேர். இரண்டையும் கூட்டினால் 1,52,794. நூற்றுக்கு 47 பேர்.

ஆறில் ஒருவருக்கு என்று நினைத்திருந்தது, ஒரே நாளில் இருவரில் ஒருவருக்கு என்று ஆனது. கிருமி அன்று புதிதாகப் பரவவில்லை. விடுதிகளில் பரவல் அடங்கிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மாறியது எண் மட்டும்தான்.

படிப்பவருக்கு இயல்பாகத் தோன்றும் விளக்கம், முதல் எண்ணில் ஏதோ மறைக்கப்பட்டது என்பது. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் சரி, எங்கே தவறு என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். அதற்கு முன் இந்த இரண்டு சோதனைகளும் எதைத் தேடுகின்றன என்பது தெரிய வேண்டும். பெயரளவில் இரண்டும் 'கொரோனா டெஸ்ட்'தான். ஆனால் தேடும் பொருள் வேறு, தேடும் இடம் வேறு, தேட வேண்டிய காலமும் வேறு.

குச்சி எதைத் தேடுகிறது?

மூக்கின் உட்கோடி வரை பஞ்சுக் குச்சியை விட்டுச் சளியை எடுக்கிறார்கள். ஆய்வகத்தில் அதற்குச் செய்வது பிசிஆர் சோதனை. கேரி மல்லிஸ் 1983-இல் கண்டறிந்த முறை இது. பத்து ஆண்டு கழித்து அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது. இதைப் 'படியெடுக்கும் சோதனை' என்று சொல்லலாம். வைரசின் மரபுச் செய்தியில் ஒரு சிறு துண்டு சளியில் இருந்தால், அதை ஒரு சுற்றில் இரண்டாக்குகிறார்கள், அடுத்த சுற்றில் நான்காக்குகிறார்கள். பத்துச் சுற்றில் ஆயிரத்தைத் தாண்டும். இருபதில் பத்து லட்சம். முப்பதில் நூறு கோடி. ஒரே ஒரு துண்டு கூடக் கருவியின் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெருகிவிடும்.

இவ்வளவு கூர்மையான சோதனை எப்படி ஆளைத் தவறவிடும்? துண்டு இருந்தால்தானே படியெடுக்க முடியும். கிருமி உடலுக்குள் நுழைந்த முதல் இரண்டு மூன்று நாளில் மூக்கிலும் தொண்டையிலும் அது போதிய அளவு பெருகியிருக்காது. பிறகு பெருகும், உச்சத்துக்குப் போகும், உடல் அதை அடக்கியதும் குறையும். சில வாரங்களில் பெரும்பாலானோருக்குத் துடைத்தது போல் ஆகிவிடும். குச்சிக்குக் கிருமி அகப்படும் இந்த இடைப்பட்ட காலத்தைத் 'தெரியும் நாட்கள்' என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்னாலோ பின்னாலோ குச்சி விட்டால், தொற்று வந்த ஆளுக்கும் 'இல்லை' என்றே முடிவு வரும்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு ஆய்வுகளின் தரவுகளைத் தொகுத்து 2020-இல் இதை நாள்வாரியாகக் கணக்கிட்டார்கள். தொற்றிய முதல் நாளில் சோதித்தால் யாருமே அகப்படுவதில்லை. நான்காம் நாளில் மூன்றில் இருவர் தப்பிவிடுகிறார்கள். உடம்பு சரியில்லை என்று தெரியும் ஐந்தாம் நாள் வாக்கில்கூட நூற்றுக்கு 38 பேர் தப்புகிறார்கள். எட்டாம் நாளில்தான் சோதனை மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. அன்றும் ஐந்தில் ஒருவர் தப்புகிறார். அதன் பிறகு தப்பும் வீதம் மறுபடி ஏறுகிறது. ஆகவே குச்சிச் சோதனை கேட்கும் கேள்வி, 'இந்த ஆளுக்குத் தொற்று வந்ததா?' என்பதல்ல. 'இன்று, இந்த மூக்கில், கிருமியின் துண்டு இருக்கிறதா?' என்பது மட்டுமே.

ரத்தம் எதை நினைவில் வைத்திருக்கிறது?

ரத்தச் சோதனை கிருமியைத் தேடுவதில்லை. கிருமியோடு உடல் போராடிய தடயத்தைத் தேடுகிறது. தொற்று வந்த ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் உடல் அந்தக் கிருமிக்கென்றே சில புரதங்களை உருவாக்கும். நம் பாடநூல்கள் இவற்றை எதிர்ப்பொருள் என்கின்றன. கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். காய்ச்சலே வராதவருக்கும், தனக்குத் தொற்று வந்ததே தெரியாதவருக்கும் பெரும்பாலும் இருக்கும்.

இந்தச் சோதனையைத் துப்புத் துலக்கப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு முதலில் காட்டிய நாடுகளில் சிங்கப்பூரும் ஒன்று. 2020 பிப்ரவரியில் அங்கே இரண்டு தேவாலயங்களில் தொற்றுக் கூட்டங்கள் தோன்றின. இரண்டுக்கும் நடுவே கண்ணி எங்கே என்று தெரியவில்லை. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியில் வாங் லின்ஃபாவின் குழு, குணமாகியிருந்த சிலரின் ரத்தத்தைச் சோதித்தது. குச்சிச் சோதனைக்குக் காலம் கடந்துவிட்டிருந்தது, ரத்தம் காட்டிக்கொடுத்தது. கண்ணி கிடைத்தது. சில மாதம் கழித்து விடுதிகளுக்குள் ரத்தச் சோதனை போனபோது, அதன் பயனை அந்த நாடு நன்றாகவே அறிந்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓர் அறை, ஆறு வாரம்

இனி ஓர் அறைக்குள் போவோம். இது நான் கணக்குக்காக உருவாக்கிய அறை. ஆனால் இதில் நடப்பது ஒவ்வொன்றும் அந்த ஆண்டு விடுதிகளில் நடந்த வகைதான்.

அறையில் ஆறு ஈரடுக்குக் கட்டில். மேலும் கீழுமாகப் பன்னிரண்டு படுக்கை. ஒரே மின்விசிறிக் காற்று. குளியலறையும் கழிப்பறையும் தளத்துக்குப் பொது. துவைத்த சட்டைகள் கட்டில் கம்பியில் காய்கின்றன. ஒவ்வொருவரையும் அவர் படுக்கை எண்ணால் அழைப்போம்.

மூன்றாம் படுக்கைக்காரருக்கு வேலைத்தளத்துக்குப் போகும் லாரியில் தொற்றுகிறது. அந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவோம். ஐந்தாம் நாள் அவருக்குக் காய்ச்சல். மருத்துவரிடம் போகிறார், குச்சி விடுகிறார்கள், 'உண்டு' என்று முடிவு வருகிறது. அவரை வேறிடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். அன்றைய நாட்டு எண்ணிக்கையில் இந்த அறையிலிருந்து ஒன்று ஏறுகிறது. அறை பூட்டப்படுகிறது, சாப்பாட்டுப் பொட்டலம் வாசலுக்கு வருகிறது.

எட்டாம் நாள், அவருக்கு மேல் கட்டிலில் படுத்திருந்த நான்காம் படுக்கைக்காரருக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது. இதற்குள் விடுதி முழுக்கக் காய்ச்சல். சோதனைக்கு ஆளும் பொருளும் போதவில்லை. அறிகுறி இருக்கிறதா, உடனே தனியே பிரித்துவிடு, சோதனை பிறகு பார்க்கலாம் என்பது முடிவு. அவரை இன்னொரு தொகுதிக்கு மாற்றுகிறார்கள். இரண்டு வாரத்தில் தேறிவிடுகிறார். குச்சி விடவே இல்லை. எண்ணிக்கையில் ஏறவில்லை.

ஒன்பதாம் நாள் மருத்துவக் குழு அறைக்கு வந்து மீதிப் பேருக்குக் குச்சி விடுகிறது. எட்டாம் படுக்கைக்காரருக்கு 'உண்டு'. எண்ணிக்கை இரண்டாகிறது. ஏழாம் படுக்கைக்காரருக்கு இரண்டு நாள் முன்புதான் தொற்றியிருக்கிறது. தெரியும் நாட்கள் அவருக்கு இன்னும் தொடங்கவில்லை. 'இல்லை' என்று சீட்டு வருகிறது. அவரும் நம்புகிறார், அறையும் நம்புகிறது.

பத்தாம் நாள் ஒன்பதாம் படுக்கைக்காரருக்குத் தொற்றுகிறது. அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவர் யாரிடமும் சொல்ல எதுவும் இல்லை. அவரைச் சோதிக்க யாருக்கும் காரணமும் இல்லை.

பதினோராம் படுக்கைக்காரர் கதை வேறு. பதினாறாம் நாள் அவருக்கு ஊறுகாயின் வாசனை தெரியாமல் போகிறது. அவர் சொல்லவில்லை. சொன்னால் எங்கே கொண்டுபோவார்கள், சம்பளம் பிடிப்பார்களா, ஊருக்குத் திருப்பி அனுப்புவார்களா என்பது தெரியாது. ஏஜென்டிடம் கட்டிய பணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் பாக்கி. பத்து நாளில் வாசனை திரும்பிவிடுகிறது.

ஆறாம் வாரம் குழு மறுபடி வருகிறது. குச்சி விட்டால் யாருக்கும் எதுவும் இல்லை. ரத்தம் எடுக்கிறார்கள். முன்பே எண்ணிக்கையில் சேர்ந்த இருவர் போக மீதிப் பத்துப் பேரில், 4, 7, 9, 11 ஆகிய நான்கு படுக்கைக்காரர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறது.

குச்சிக் கணக்கில் இரண்டு பேர். ரத்தம் சேர்த்தால் ஆறு பேர். பன்னிரண்டில் பாதி.

அறையில் கணக்கை யாரும் திருத்தவில்லை. ஆனால் தவறிய நால்வரும் ஒரே காரணத்தால் தவறவில்லை என்பதைப் பாருங்கள். ஒருவருக்குச் சோதனை செய்யவில்லை. ஒருவருக்குச் சீக்கிரமே செய்துவிட்டார்கள். ஒருவருக்கு அறிகுறி இல்லை. ஒருவர் பயந்து வாய் திறக்கவில்லை. முதல் காரணம் நிர்வாகத்தைச் சேர்ந்தது, நடுவில் உள்ள இரண்டும் கிருமியின் இயல்பு, கடைசிக் காரணம் அந்த மனிதர் வாழ நேர்ந்த வாழ்க்கையின் இயல்பு. 'எண்ணிக்கை குறைவாக இருந்தது' என்று ஒரே வரியில் சொல்லும்போது இந்த நான்கும் ஒன்றாகக் கலந்துபோகின்றன. சந்தேகம் கிளம்புவதும் அந்தக் கலங்கலில்தான்.

அறையிலிருந்து தீவுக்கு

இப்போது சிங்கப்பூரின் உண்மைக் கணக்கை அறையோடு ஒட்டிப் பாருங்கள். 3,23,000 பேரில் 54,505 என்பது நூற்றுக்குப் பதினேழு. பன்னிரண்டு பேர் அறைக்கு இருவர். 98,289 என்பது நூற்றுக்கு முப்பது; அதே அறைக்கு ஏறக்குறைய நால்வர். நம் அறை, 2020-இல் சிங்கப்பூர் விடுதிகள் அத்தனைக்கும் சுருக்கிய படம்.

வேகம் எப்படி இருந்தது என்றும் நினைவில் கொள்ள வேண்டும். ஏப்ரல் 5 அன்று பொங்கோலில் உள்ள எஸ்11 விடுதியும் வெஸ்ட்லைட் தோ குவான் விடுதியும் தனிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. பதினைந்தே நாளில், ஏப்ரல் 20 அன்று, ஒரே நாளில் 1,426 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் விடுதிவாசிகள். அந்த மாதக் கடைசியில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒரு நாளைக்குச் செய்ய முடிந்த சோதனைகள் சுமார் 8,000. மருத்துவமனைகள், வயதானோர் இல்லங்கள் எல்லாவற்றையும் பட்டினி போட்டு முழுவதையும் விடுதிகளுக்கே கொடுத்திருந்தாலும், 3,23,000 பேருக்கு ஆளுக்கொரு குச்சி விட நாற்பது நாள் ஆகும். நாற்பது நாளில் நம் அறையில் என்னென்ன நடந்து முடிந்துவிட்டது என்று பார்த்தோம்.

ஏப்ரல் 27 வாக்கில் விடுதி ஊழியர்களில் 21,000-க்கு மேற்பட்டோருக்கு, அதாவது பதினைந்தில் ஒருவருக்கு, சோதனை செய்தாகிவிட்டது என்று அமைச்சர் லாரன்ஸ் வோங் சொன்னார். மற்ற நாடுகளோடு ஒப்பிட்டால் அது பெரிய வீதம்தான். ஆனால் அதே சமயத்தில் விடுதிகளில் தொற்று உறுதியானோர் 12,000-ஐத் தாண்டியிருந்தார்கள். சோதித்தவர்களில் பாதிக்கும் மேல் என்று வருகிறது. குளத்தில் வலை வீசும்போது ஒவ்வொரு வீச்சிலும் வலை பாதி நிறைந்து வந்தால், குளத்தில் மீன் அவ்வளவுதான் என்று யாரும் கரையேற மாட்டார்கள். தொற்றுநோய்க் கணக்கில் இது முக்கியமான கைகாட்டி. எத்தனை பேருக்கு 'உண்டு' என்பதைவிட, சோதித்த நூறு பேரில் எத்தனை பேருக்கு 'உண்டு' என்பதைப் பார்த்தால், எண்ணிக்கைக்கு வெளியே எவ்வளவு மிச்சம் கிடக்கிறது என்று ஊகிக்கலாம்.

இதை அதிகாரிகள் அறியாமல் இல்லை. தொற்று மிக அதிகமான விடுதிகளில் சோதனைக்குக் காத்திராமல் அறிகுறி உள்ளவர்களைத் தனிமைப்படுத்துவதில் கவனம் செலுத்துகிறோம் என்று ஏப்ரல் கடைசியில் சுகாதார அமைச்சர் கான் கிம் யோங்கே சொன்னார். மருத்துவ நோக்கில் அது சரியான முடிவு. நூறு சோதனை மட்டும் கைவசம் இருந்தால், ஏற்கெனவே தெரிந்ததை உறுதிசெய்ய அதைச் செலவழிப்பது வீண். ஆனால் அந்த முடிவை எடுத்த நாளிலிருந்து தினசரி எண்ணின் பொருள் மாறிவிட்டது. நோயாளிகளின் எண்ணிக்கை என்று மக்கள் வாசித்தது, உண்மையில் உறுதிசெய்யப்பட்ட சோதனைகளின் எண்ணிக்கையாகச் சுருங்கியது.

தலைகீழாகவும் நடந்தது. ஆகஸ்ட் 5 அன்று எண்ணிக்கை திடீரென 908 என்று எகிறியது. பரவல் மறுபடி கிளம்பிவிட்டதோ என்று பயந்தவர்கள் உண்டு. தனிமையில் வைத்திருந்த கடைசித் தொகுதிகளில் இருந்தவர்களுக்கு மொத்தமாகச் சோதனை முடித்த விளைவு அது. நோய் கூடவில்லை, பார்த்த கண்கள் கூடின. போதாததற்குப் பிசிஆர் மிகக் கூர்மையான சோதனை என்பதால், சிலருக்கு வாரங்கள் கழித்தும் செத்த கிருமியின் துண்டுகளைப் பிடித்துக்கொண்டு 'உண்டு' என்று காட்டும். ஏப்ரலில் குறைவாகத் தெரிந்ததும் ஆகஸ்டில் அதிகமாகத் தெரிந்ததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கம்.

ரத்தம் மட்டும் தப்பே செய்யாதா?

இங்கே கூர்மையான வாசகர் ஒரு கேள்வி கேட்பார். குச்சியை நம்ப முடியாதென்றால் ரத்தச் சோதனையை மட்டும் எப்படி நம்புவது? அந்த 98,289 பேரில் எத்தனை பேர் தவறாகச் சேர்ந்தவர்கள்?

சோதனைகள் இரண்டு விதமாகத் தவறும். தொற்று வந்தவரை 'இல்லை' என்று விட்டுவிடுவது ஒன்று. அதைத் 'தப்பவிடல்' என்போம். வராதவரை 'உண்டு' என்று சொல்லிவிடுவது மற்றொன்று, அது 'வீண்பழி'. ஒரு ரத்தச் சோதனை, தொற்று வராத நூறு பேரில் ஒருவர் மீது வீண்பழி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

இதை ஊரில் ஆயிரம் பேருக்குச் செய்கிறோம். அந்த ஊரில் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான் உண்மையில் தொற்று வந்திருக்கிறது. மூவரும் சரியாக அகப்படுகிறார்கள். மீதி 997 பேரில் நூற்றுக்கு ஒருவர் வீதம் பத்துப் பேர் மீது வீண்பழி. கடைசியில் 13 பேருக்கு 'உண்டு' என்று வருகிறது. அதில் பத்துப் பேர் குற்றமற்றவர்கள். அந்தச் சோதனையின் சொல்லை யாரும் நம்ப மாட்டார்கள்.

அதே சோதனை, அதே கருவி. இப்போது விடுதியில் ஆயிரம் பேருக்குச் செய்கிறோம். அங்கே 470 பேருக்கு உண்மையில் வந்திருக்கிறது. வராத 530 பேரில் ஐந்து பேர் மீது வீண்பழி விழும். ஏறக்குறைய 475 பேருக்கு 'உண்டு'. அதில் ஐந்து மட்டும் தவறு. கிட்டத்தட்ட முழுதும் நம்பலாம்.

சோதனையின் நம்பகம் பெட்டிக்குள் மட்டும் இல்லை; அதைக் கொண்டுபோய் வைக்கும் கூட்டத்திலும் இருக்கிறது. இந்த ஒரு விஷயம் புரிந்தால், சோதனைகளைப் பற்றிப் பரவும் வதந்திகளில் பாதி உதிர்ந்துவிடும். நெருக்கமாக நோய் பரவிய விடுதிகளில் ரத்தச் சோதனை சொன்ன மொத்த எண், வீண்பழியால் ஊதிப்போன எண் அல்ல. மாறாக, சிலருக்கு எதிர்ப்பொருள் குறைவாகவே உருவாகும், மாதங்கள் போகப்போக இறங்கவும் செய்யும் என்பதால், 47 சற்றுக் குறைவாக இருக்கவே வாய்ப்பு உண்டு.

இடைவெளி சிங்கப்பூருக்கு மட்டும் உரியதும் அல்ல. 2020 ஜூலையில் மும்பையின் மூன்று வார்டுகளில் எடுத்த ரத்த ஆய்வில், குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கு 57 பேரிடம் எதிர்ப்பொருள் இருந்தது. அதே வார்டுகளின் மற்ற வீடுகளில் 16 பேரிடம். சென்னையில் அந்தக் காலத்து முதல் ஆய்வில் ஐந்தில் ஒருவருக்கு மேல். எந்த நகரத்தின் தினசரி எண்ணும் இதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நெருக்கமாகப் படுப்பவர்களைத்தான் கிருமி அதிகம் தொடுகிறது. கணக்கு தவறவிடுவதும் அவர்களைத்தான்.

எந்தச் சந்தேகம் நியாயம்?

இனி என் தீர்ப்பைச் சொல்லலாம்.

54,505 பொய்யான எண் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் அப்போதைய வரையறைப்படி, கிருமியின் மரபுத் துண்டு கண்டறியப்பட்டால்தான் 'உறுதியான தொற்று'. ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பது பழைய தொற்றின் தடயம். அது இந்தக் கணக்கில் சேராது. சிங்கப்பூர் அந்த விதியைப் பின்பற்றியது. ரத்தத்தை எடுக்கச் சொன்னதும், இரண்டாம் எண்ணை வெளியிட்டதும் அதே அரசாங்கம்தான். மறைக்க நினைப்பவர் தானே இத்தனை பேரின் ரத்தத்தில் தடயம் தேட மாட்டார். 'மறைத்துவிட்டார்கள்' என்ற குற்றச்சாட்டுக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

ஆனால் சந்தேகப்பட்டவர்கள் அறிவற்றவர்களும் அல்லர். அறைக்குள் இருந்தவர் கண்ணால் பார்த்தது சரி. பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடந்தவரை அழைத்துப்போனார்கள், அவர் பெயர் எந்த எண்ணிலும் ஏறவில்லை என்பது அவருக்குத் தெரியும். அவர் ஊருக்குச் சொன்னது உண்மை. 'அறிகுறியோடு தனிமைப்படுத்தியவர்கள் இன்று இத்தனை பேர், இவர்களுக்குச் சோதனை செய்யவில்லை' என்று ஒரு வரி ஏப்ரல் மாதமே தினசரி எண்ணுக்குக் கீழே வந்திருந்தால், அந்த மகன் சொன்னதும் அரசு சொன்னதும் ஒன்றோடொன்று மோதியிருக்காது. ரத்தச் சோதனைகளையும் கொண்டு விடுதிகளைத் தொற்றற்றவை என்று அறிவித்து முடித்தது ஆகஸ்டில். மொத்தக் கணக்கு மக்கள் முன் வந்தது டிசம்பரில். அந்த நான்கு மாதத்தில் ரத்த எண்ணைக் குச்சி எண்ணுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும். அறிவியல் அதற்குத் தடையாக இல்லை.

இன்னொரு குறை என்னை அதிகம் வருத்துகிறது. அந்தக் காலத்தில் ஊழியரின் கைபேசிச் செயலியில் பச்சை என்றால் வேலைக்குப் போகலாம், சிவப்பு என்றால் போகக் கூடாது என்று இருந்தது. கட்டுப்பாட்டுக்கு அது போதும். ஆனால் தன் ரத்தம் என்ன சொன்னது, அதன் பொருள் என்ன என்பதைத் தமிழிலோ வங்காளத்திலோ ஒருவர் எதிரே உட்கார்ந்து விளக்கிச் சொல்லக் கேட்கும் உரிமையை நிறம் நிறைவேற்றாது. சோதனை செய்துகொண்டவருக்கே முடிவின் பொருள் புரியாதபோது ஊர் சந்தேகப்படுவதைத் தடுக்க முடியாது.

2021-இல் சிங்கப்பூர் புது விடுதிகளுக்கு விதி வகுத்தது. ஓர் அறையில் அதிகபட்சம் பன்னிரண்டு பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர் இடம், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடையே ஒரு மீட்டர், அறைக்குள்ளேயே கழிப்பறை. அந்த விதிக்குப் பின்னால் இருப்பது 54,505 மட்டும் அல்ல, 1,52,794.

2020-இல் விடுதியில் இருந்த அண்ணனோ தம்பியோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், அவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த மாதம் குச்சி விட்டார்கள், எந்த மாதம் ரத்தம் எடுத்தார்கள், முடிவை யார் என்ன சொல்லி விளக்கினார்கள். சொல்வதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ரத்தம் மட்டும் கண்டுபிடித்த அந்த 98,289 பேரில் அவரும் ஒருவராக இருக்கலாம்.